மனக்கண்ணும் வழித்துணையும்



வானொலியில் பேசுகிறவனுக்கு ஒரு குறை உண்டு. அதுவே அவனுக்கு வசதியும் ஆகும். நீங்கள் என்னைக் காண முடியாது. ஆயினும் நான் 'வைகை' என்று சொன்னவுடன் உங்களுள் ஒருவருக்கு வெண்மணல் பரப்புத் தோன்றும். மற்றொருவருக்குச் சித்திரைத் திருவிழாக் கூட்டம் தோன்றும். நான் தந்தது ஒரு சொல். அதற்கு வண்ணமும் வடிவும் தந்தது உங்கள் மனம். இந்த ஆற்றலைப் பற்றியும், ஓவியமும் இசையும் புராணக் கதையும் அதற்கு எவ்வாறு துணை செய்கின்றன என்பது பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

புளியம்பழத்தை நினைத்த மாத்திரத்தில் நாவில் நீர் ஊறுகிறது. பழம் கற்பனை, ஊறிய நீர் கற்பனையன்று. தேர்வு மண்டபத்தை நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. மனத்தில் எழும் படம் உடலைத் தொடுகிறது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமா? அச்சம் தரும் படம் உடலை வருத்துமாயின், அமைதி தரும் படம் அதனைத் தேற்றவும் கூடும் அன்றோ? ஒருவர் அருகிருந்து வழி சொல்ல, மற்றொருவர் கண்களை மூடி மனக்கண்ணால் அவ்வழியே செல்லும் பயிற்சிக்கு அடிப்படை இதுவே.

இப்பயிற்சியை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. சோழவந்தானில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு அருகில் இருந்த எங்கள் வீட்டில், எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தாவிடம் கற்றேன். எனக்குப் பத்து வயது இருக்கும்போது கடுங்காய்ச்சல் கண்டது. மருத்துவர் மருந்து தந்தார். பகற்பொழுது எப்படியோ கழிந்துவிடும். இரவில்தான் அச்சம் வந்துவிடும். அப்பொழுது அப்பத்தா என் தலைமாட்டில் அமர்ந்து, தாலாட்டு ஒன்றை மெல்ல முனகிக்கொண்டே, "கண்ணை மூடிக்கய்யா, மதுரைக்குப் போய் வருவோம்" என்பாள்.

புகைவண்டி ஏறுவோம். சமயநல்லூர் கடந்து, வைகைப் பாலத்தின்மேல் வண்டி செல்லும் ஓசை மாறும். கோயிலில் அட்டசக்தி மண்டபம் வழியே நுழைவோம். பொற்றாமரைக் குளத்தின் படியில் சற்று உட்காருவோம். "தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "சில்லென்று இருக்கிறது" என்பேன். காய்ச்சலில் கொதிக்கும் என் பாதங்களுக்கு அக்குளிர்ச்சி உண்மையாகவே தெரிந்தது. கிளிக்கூட்டு மண்டபம், பிறகு முக்குறுணிப் பிள்ளையார். முடிவில் வெள்ளியம்பலம். அங்கே நடராசப் பெருமான் கால் மாறி ஆடுகிறார். ஆடற்கலை பயின்ற இராசசேகர பாண்டியன், பயிற்சியில் தன் கால் நொந்தபொழுது, 'ஒரே காலை ஊன்றி நிற்கும் பெருமானுக்கு எவ்வளவு நோகும்!' என்று உருகிக் காலை மாற்றி ஆடுமாறு வேண்டினானாம். கதையை முடித்ததும், "நீயும் மாத்திப் படுத்துக்கய்யா" என்பாள். நான் புரண்டு படுத்து உறங்கிவிடுவேன். கதையை எந்த இடத்தில் முடித்தால் பிள்ளையின் உடம்பு தளரும் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

ஓரிரவு அப்பத்தா அயர்ந்து உறங்கிவிட்டாள். வழிதான் தெரியுமே என்று நான் தனியே புறப்பட்டேன். கோயிலுக்குள் இருள் சூழ்ந்தது. ஒரு தூணைப் போலவே மற்றொரு தூண். திரும்பிய பக்கமெல்லாம் யாளிகள். கம்பத்தடி மண்டபத்திற்கு வந்ததும், அங்குள்ள பத்திரகாளியின் சிலை என்னை நோக்கி அசைவதாகத் தோன்றியது. அலறினேன். அப்பத்தா விழித்தாள். 'ஒன்றுமில்லை, கனவு' என்று அவள் சொல்லவில்லை. "எங்கே நிக்கிறே?" என்று கேட்டாள். "காளிக்கு முன்னாலே" என்றேன். "அவளுக்கும் உன்னை மாதிரி உடம்பெல்லாம் சூடு. உன் கையிலே வெண்ணெய் இருக்கு பாரு, எறி" என்றாள்.

அந்நாளில் கம்பத்தடி மண்டபத்துக் காளியின் சினம் தணிய அடியார்கள் வெண்ணெய் உருண்டை எறிவது வழக்கம். நானும் எறிந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கற்சிலை மீண்டும் கற்சிலை ஆயிற்று. பின் அவள் என்னைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வந்து, வண்டியேற்றி, வீட்டுத் திண்ணையில் இறக்கி, கண்ணைத் திறக்கச் சொல்லி, ஒரு மடக்குக் கஞ்சி தந்தாள். காய்ச்சலைத் தீர்த்தது மருத்துவர் தந்த மருந்தே. அச்சத்தைத் தீர்த்தவள் அப்பத்தா.

பிற்காலத்தில் கல்லூரியில் பரிபாடல் படித்தேன். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1918-ஆம் ஆண்டில் பதிப்பித்த அந்நூலில், 70 பாடல்களுள் இன்று நமக்கு எஞ்சியவை 22 மட்டுமே. அவற்றுள் 19-ஆம் பாடல் நப்பண்ணனார் பாடியது. மதுரை மக்கள் திருப்பரங்குன்றத்துக்குச் சென்று முருகனை வழிபடும் சிறப்பைக் கூறுவது. அங்கே ஓவியம் தீட்டிய மண்டபம் ஒன்று இருக்கிறது. விண்மீன்களும் ஞாயிறும் இயங்கும் நெறியைக் காட்டும் சித்திரத்தில் சிலர் ஆழ்ந்து நிற்கிறார்கள். 'இவள் யார்? இவன் யார்?' எனச் சிலர் கேட்க, அறிந்தவர்கள் இரதி என்றும் காமன் என்றும் விடை சொல்கிறார்கள். பூனை வடிவில் இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன், அவன் சினத்தால் அவள் கல்லான வகை இது என்று கதை விரிகிறது. இப்பாட்டுக்குக் காந்தாரப் பண்ணில் இசை வகுத்தவர் நல்லச்சுதனார். ஓவியம், கதை, இசை, அருகிருந்து விளக்கும் வழித்துணை ஆகிய நான்கும் ஒரே பாட்டில் கூடியிருப்பதைக் கண்டு வியந்தேன்.

ஆனால் என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொரு காட்சி. அதே பாட்டில் ஒரு பேதைப் பெண், சுற்றத்தாரைப் பிரிந்து பாறைகளுக்கிடையே வழி தவறிவிடுகிறாள். குரலெடுத்துக் கூவுகிறாள். மலைக்குகை அக்குரலை எதிரொலிக்கிறது. தன்னவர்தாம் அழைக்கிறார்கள் என்று எண்ணி அங்கே ஓடுகிறாள். யாரும் இல்லை. மீண்டும் கூவுகிறாள், மீண்டும் எதிரொலி. காளியின் முன் அலறிய பத்து வயதுச் சிறுவனை நான் அப்பெண்ணில் கண்டேன். மனத்தினுள் தனியே புகுபவருக்கு நேரும் இடர் இதுதான்: தம் குரலின் எதிரொலியையே பிறர் தரும் விடை என மயங்கிவிடுகிறோம். அச்சம் கூவினால் அச்சமே மறுமொழி தருகிறது.

மேலைநாட்டிலும் அறிஞர்கள் இத்துறையில் உழைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் கார்ல் யுங், 1913 முதல் தம் அகக்காட்சிகளை எழுதியும் வண்ணத்தில் தீட்டியும் வந்தார். அக்குறிப்புகள் 'சிவப்பு நூல்' என்னும் பெயரால் 2009-இல்தான் அச்சேறின. வயலின் கலைஞரான ஹெலன் பானி என்னும் அம்மையார், 1970-களில் அமெரிக்காவின் மேரிலாந்தில் இசை வழியே மனக்காட்சியை எழுப்பும் முறையொன்றை வகுத்தார். உடலைத் தளர்த்திப் படுத்திருப்பவர் இசையைக் கேட்பார். தமக்குத் தோன்றுவதைச் சொல்வார். அருகிலிருக்கும் வழிகாட்டி, 'என்ன காண்கிறீர்கள்?' என்று வினவிக்கொண்டே உடன் செல்வார். இதைப் படித்தபொழுது, மேரிலாந்து எனக்குச் சோழவந்தானுக்கு அடுத்த நிலையமாகத் தோன்றியது.

இவற்றால் நான் அறிந்துகொண்டதைச் சுருங்கக் கூறுகிறேன். ஓவியமும் சிற்பமும் அலையும் மனத்துக்கு நிற்க ஓர் இடம் தருகின்றன. இசை அதற்கு நடையும் மூச்சும் தருகிறது. புராணக் கதையோ, அஞ்சி நிற்பவனுக்குச் செய்வதற்கு ஒரு செயலைத் தருகிறது. வெண்ணெயை அவன் கையில் வைக்கிறது. இவை மூன்றும் இருந்தும் வழித்துணை இல்லையேல் திரும்பி வரும் வழி தெரியாது. வழிகாட்டி என்பவர் நாம் காண வேண்டியதைத் திணிப்பவர் அல்லர், 'எங்கே நிற்கிறாய்?' என்று கேட்பவர். 'ஆற்றுப்படை' என்று ஓர் இலக்கிய வகைக்கே நம் முன்னோர் பெயரிட்டார்கள். ஆறு என்றால் வழி. திருப்பரங்குன்றத்தை முதற்கண் வைத்துப் பாடும் திருமுருகாற்றுப்படை, கண்டறிந்தவர் காணாதவரை வழிப்படுத்துவது அன்றோ?

மாணவர்களே, அடுத்த முறை கோயிலுக்கோ கலைக்கூடத்துக்கோ சென்றால் ஒரே ஒரு தூணின் முன் சற்று நேரம் நில்லுங்கள். அதன் கதையை மூத்தோரிடம் கேட்டறியுங்கள். இரவில் கண்ணை மூடி அதை மீண்டும் காணுங்கள். தேர்வுக்கு முன் நெஞ்சு படபடத்தால், நண்பர் ஒருவர் மெல்லச் சொல்ல, குளத்துப் படியில் காலை நனையுங்கள். ஆனால் மனத்துயர் ஆழ்ந்து உறக்கமும் உணவும் கெடுமாயின், அதற்கு உரியவர் மருத்துவரே. அவரிடம் செல்லத் தயங்காதீர்கள்.

உங்கள் அருகில் எவரேனும் அஞ்சி அலறினால், 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடாதீர்கள். 'எங்கே நிற்கிறாய்?' என்று கேளுங்கள். குகையின் எதிரொலிக்கு நடுவே ஒரு மனிதக் குரல் கேட்குமானால், வழி தவறிய பிள்ளை வீடு வந்து சேரும்.