ஆஸ்கார் இராபர்ட்சனும் அவர்தம் தோழர்களும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதைப் பற்றி நான் பேசிப் பேசிக் கேட்டுச் சலித்த மாணவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே இன்று ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அணியைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். அதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே என்பது போகப்போக விளங்கும்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத் தலைநகர் இந்தியானாபொலிஸ். 1920களில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிக் கூட்டம் அங்கே செல்வாக்கோடு இருந்தது. அதுவரை நகரப் பள்ளிகளில் மற்றவரோடு பயின்றுவந்த கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து ஒதுக்குவதற்கென்றே 1927இல் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தனர். அதற்கு ஜெபர்சன் பெயரை வைக்கவிருந்தார்கள். கறுப்பின மக்கள் அதை எதிர்த்து, 1770இல் பாஸ்டன் நகரில் ஆங்கிலப் படையின் குண்டுக்குப் பலியான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்னும் தம்மவர் பெயரைச் சூட்டச் செய்தனர்.

ஒதுக்குவதற்குக் கட்டிய அந்தப் பள்ளிக்கு ஒரு நன்மையும் வந்து சேர்ந்தது. முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற கறுப்பினத்தார்க்குப் பல்கலைக்கழகங்களின் கதவு அடைபட்டிருந்தது. அவர்களில் பலர் இப்பள்ளிக்கு ஆசிரியராக வந்தனர். ஆயினும் 1942 வரை மாநில விளையாட்டுச் சங்கம் இப்பள்ளியை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பெரிய ஆட்டங்களை நடத்தத்தக்க அரங்கம் பள்ளியில் இல்லை. சொந்த ஊர் ஆட்டத்தையும் பிறர் அரங்கில்தான் ஆடவேண்டும்.

இப்பள்ளிக்கு வந்தவர்தாம் ஆஸ்கார் இராபர்ட்சன். 1938இல் டென்னசி மாநிலத்தில் பிறந்து, பெற்றோருடன் இந்நகருக்குக் குடிவந்தவர். பந்து வாங்க வசதியில்லாத வீடு. கந்தல் துணியைச் சுருட்டி இரப்பர் வளையம் மாட்டிப் பழக்கூடையில் எறிந்து பழகினார். 1951இல் ஆண்டர்சன் அணியோடு நடந்த ஆட்டத்தில் அவருடைய அண்ணன் பெய்லி கடைசி நொடிகளில் போட்ட பந்தால் அட்டக்ஸ் 81–80 என வென்றது. தம்பிக்கு அப்போது வயது பன்னிரண்டு.

பயிற்சியாளர் ரே குரோ கண்டிப்பானவர். படிப்பில் பின்தங்கினால் அணியில் இடமில்லை. நடுவரிடம் வாதாடினாலும் இடமில்லை. நடுவர்கள் ஒருசார்பாய் நிற்பதை அவர் அறியாதவர் அல்லர். முதற் பத்துப் புள்ளிகள் நடுவருக்கு, மிச்சம்தான் நமக்கு என்பது அவ்வணியில் வழங்கிய பேச்சு. இது நியாயமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம் இல்லைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் அதற்கும் சேர்த்து ஆடப் பழகினார்கள்.

1954இல் மைலன் என்னும் சிற்றூர்ப் பள்ளியிடம் தோற்றனர். அவ்வாண்டு மைலன் கோப்பையை வென்ற கதையைத் தழுவி 1986இல் திரைப்படம் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு நடந்ததற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1955இல் அட்டக்ஸ் 31 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது; அதுவும் ஒரே புள்ளியில். மன்சி சென்ட்ரல் பள்ளியோடு நடந்த ஆட்டத்தில் 71–70 என்று நின்ற கடைசி நொடிகளில், எதிரணி எறிந்த பந்தை ஆஸ்கார் இடையில் பாய்ந்து பறித்தார். மார்ச் 19 அன்று இறுதியாட்டம். எதிரே நின்ற கேரி ரூஸ்வெல்ட்டும் கறுப்பினப் பள்ளியே. 97–74. நாட்டிலேயே எல்லாரும் பங்கேற்கும் மாநிலப் போட்டியில் கோப்பை வென்ற முதல் கறுப்பினப் பள்ளி அட்டக்ஸ்தான். அந்நகரத்துக்கும் அதுவே முதல் கோப்பை.

வென்ற அணியை ஊர் நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்துக்கு அழைத்துச் சென்று கொண்டாடுவது அங்குள்ள வழக்கம். அன்றிரவு தீயணைப்பு வண்டியில் வந்த அட்டக்ஸ் பிள்ளைகளை அவ்வட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, உடனே கறுப்பினத்தார் வாழும் பகுதியிலிருந்த பூங்காவுக்குத் திருப்பி அனுப்பினர். ‘கலகம் வரும்’ என்ற அச்சமாம். கோப்பை நகரத்துக்கு, கொண்டாட்டம் சேரிக்கு! பதினாறு வயது ஆஸ்கார் விழாவை விட்டு முன்னதாகவே தந்தையின் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மறு ஆண்டு அவ்வணி ஓர் ஆட்டமும் தோற்காமல் மீண்டும் கோப்பையைக் கொண்டுவந்தது. இறுதியாட்டத்தில் ஆஸ்கார் மட்டும் 39 புள்ளிகள்.

பிறகு சின்சினாட்டிப் பல்கலைக்கழகம். ஒருமுறை அவ்வணி ஹூஸ்டன் நகருக்குச் சென்றபோது, விடுதிக்காரர் ஆஸ்காருக்கு இடமில்லை என்றனர். அணியினர் அங்கேயே தங்க, அவரை மட்டும் கறுப்பினக் கல்லூரி விடுதிக்கு அனுப்பினார்கள். அட்டக்ஸ் அணியில் எல்லாருக்கும் ஒரே அவமானம். இங்கே அவர் தனியே பட்டார். எது கொடிது என்று எனக்குச் சொல்லத் தெரிகிறது.

நான் பள்ளி மாணவனாயிருந்தபோது எங்கள் கைப்பந்து அணி வெளியூரில் வென்றது. கோப்பை கொடுத்தார்கள், பந்தியில் எங்களில் மூவரை மட்டும் திண்ணையில் அமர்த்தினார்கள். ஊர்ப்பெயர் இங்கே வேண்டாம். உள்ளே அமர்ந்த தோழர்களில் இருவர் இலையோடு எழுந்துவந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தனர். அந்தக் கோப்பை எந்த அலமாரியில் துருப்பிடிக்கிறதோ, நானறியேன். அவ்விருவரும் என் மகள் திருமணத்தில் முன்னின்று பரிமாறினார்கள்.

ஆஸ்காருடைய பிற்காலச் சாதனைகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். அணித்தலைவர் இருவரில் அவரும் ஒருவர். 1961–62இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 30.8 புள்ளிகள், வளையத்தில் பட்டு மீண்ட பந்துகளைப் பிடித்தது 12.5, தோழர் கூடை போடும்படி பந்தைத் தந்தது 11.4. மூன்றிலும் பத்துக்கு மேற்பட்ட இச்சராசரியை இன்னொருவர் எட்ட 55 ஆண்டுகள் பிடித்தன. 1971இல் மில்வாக்கி அணியோடு பட்டம். எனக்குப் பிடித்த கணக்கு வேறு: தம் ஆட்ட வாழ்வில் தோழர்க்குக் கூடை போட அவர் தந்த பந்துகள் 9,887. 1991 வரை அதை எவரும் மிஞ்சவில்லை.

ஆட்டக்காரர் சங்கத் தலைவராகவும் ஒன்பதாண்டுகள் இருந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அந்த அணி முதலாளிக்கே கட்டுப்பட்டவன் என்பது அக்கால விதி. 1970இல் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அவர் பெயராலேயே நடந்தது. அது 1976இல் முடிந்தபோது அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று ஈராண்டு கடந்திருந்தது. பலன் பின்வந்தோர்க்கே கிடைத்தது.

2015ஆம் ஆண்டு மே மாதம். இந்தியானாபொலிஸ் மோட்டார் பந்தயத்தையொட்டி நடக்கும் பேரூர்வலத்துக்கு, அறுபதாண்டுகளுக்கு முந்திய அட்டக்ஸ் அணியினரை முன்னிலைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். ஆஸ்காருக்கு அப்போது வயது 76. உலகப் புகழ் பெற்ற அவர், தம் பழைய பள்ளித் தோழர்களோடு நகரின் நடுத் தெருக்களில் கையசைத்துக்கொண்டு சென்றார். அவ்வூர்வலத்தைக் காண ரே குரோ இல்லை, 2003லேயே மறைந்துவிட்டார்.

நம் பிள்ளைகளின் ஆட்டம் நான்கு மணிக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். முன்வரிசையில் காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் அமர்கிறேன்.