காவிரியின் இரு மகசீர்கள்



மீன்குஞ்சு விடுவதென்றால் அது நற்காரியமே என்று நாம் எல்லோரும் எண்ணுகிறோம். ஊர்க் குளத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் மெய்யே. ஆற்றிலோ, எந்த மீனின் குஞ்சு என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். இதற்குக் காவிரியின் இரு மகசீர் மீன்களே சான்று.

மகசீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய செதிலும் தடித்த உதடும் வாயோரத்தில் மீசையும் உடையது. தூண்டிலில் சிக்கியதும் ஓட்டத்தோடு சேர்ந்து இழுக்கும் இதன் வலிமையைக் கேள்வியுற்றுக் கடல் கடந்தும் தூண்டிற்காரர்கள் காவிரிக்கு வந்தனர். 1946-இல் கபினி ஆற்றில் பிடிபட்ட மீன் ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ இருந்தது. ஒரு சிமெண்டு மூட்டையைவிடக் கனம்!

அத்தகைய பெருமீன் திமில் மகசீர். தலைக்குப் பின்னே முதுகு காளையின் திமிலைப் போல் எழும்பி நிற்கும். துடுப்புகள் செம்மஞ்சள் நிறம். காவிரியும் அதன் உபநதிகளுமே இதன் தாயகம். மற்றொன்று நீலத்துடுப்பு மகசீர். இதற்கு அத்தகைய திமில் இல்லை. அவ்வளவு பருமனுக்கு வளர்வதும் இல்லை. புனாவை அடுத்து ஓடும் முளா முட்டா ஆற்று மீனைக் கொண்டு 1839-இல் பெயரிடப்பட்ட இனம் இது. அந்த ஆற்று நீர் கிருஷ்ணாவைச் சேர்வது.

வடக்கத்திய மீன் காவிரிக்கு வந்தது எங்ஙனம்? அணைகளாலும் வெடி வைத்துப் பிடிப்பதாலும் மகசீர் அருகியபோது, லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தாரின் பொரிப்பகம் நீலத்துடுப்பு மகசீரைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்து வெற்றி கண்டது. அக்குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் மகசீர் என்ற ஒரே பெயர் இரு மீன்களின் வேற்றுமையை மறைத்துவிட்டது.

கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள கலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடிபட்ட மீன்களின் கணக்கை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். நீலத்துடுப்பு மீன் பெருகியிருந்தது. திமில் மகசீரோ வரவரக் குறைந்தது. அகப்பட்டவையும் பெரும்பாலும் முதிர்ந்த பெருமீன்களே. கிழமாடுகள் மட்டும் நிற்கும் தொழுவத்தில் கன்று ஒன்றுமில்லையெனில் அதன் பொருளை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு 2018 வரை முறையான அறிவியற் பெயர்கூட உறுதியாகவில்லை என்பது வியப்பே. அமராவதியில் கலக்கும் பாம்பாற்றின் சிறு மீன்களைக் கொண்டு 2007-இல் பெயரிட்ட இனமே இது என்று அவ்வாண்டில்தான் தெளிவாயிற்று. உடனேயே, அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் உலகப் பட்டியலிலும் இதனைச் சேர்க்க நேர்ந்தது.

நமது மாநிலத்தில் நீலகிரியிலிருந்து இறங்கிப் பவானிசாகரை அடையும் மோயாற்றில் திமில் மகசீர் இன்னும் வாழ்கிறது. ஆற்றங்கரைப் பஞ்சாயத்துகள் முதலில் தடுக்க வேண்டியது வெடியையும் நஞ்சையும். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே இரண்டையும் குற்றமாக்கியுள்ளது. ஒரு தோட்டா வெடித்தால் மடுவிலுள்ள தாய் மீனும் குஞ்சும் ஒருங்கே மடியும். மகசீர் முதிர்ந்து முட்டையிடப் பல ஆண்டுகள் ஆகுமாதலால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. மழைக்காலப் புதுவெள்ளத்தில் கூழாங்கல் பரந்த ஓடைகளை நாடி முட்டையிட ஏறும் மீன்களை வலை கட்டி மறிப்பதையும் நிறுத்த வேண்டும்.

உங்கள் பகுதி ஆற்றில் மகசீர்க் குஞ்சு விடுவதாக எவரேனும் முன்வந்தால், அது எந்த மகசீர், தாய் மீன் எந்த ஆற்றில் பிடித்தது என்று மீன்வளத் துறையாரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். விரலளவு குஞ்சில் திமிலைத் தேடிப் பயனில்லை. அது வளர்ந்த பின்னரே புலப்படும்.