மிச்சத்தை வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்



பட்டதாரிகளே, இந்தப் பட்டமளிப்பு விழா மேடையில் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். வளாகத் தேர்வுக்கு வந்த கம்பெனிக்காரர்களே அதை உங்களிடம் போதுமான அளவு பேசியிருப்பார்கள். நான் வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு உங்களிடம் இருக்கிற தெம்பை யாருக்குச் செலவு செய்கிறீர்கள், என்ன எண்ணத்தோடு செலவு செய்கிறீர்கள்? நாளை உங்கள் குடும்பம், நட்பு, அலுவலகம் மூன்றும் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பொறுத்ததுதான்.

'அவன்கிட்ட ஒரே நெகட்டிவ் எனர்ஜி', 'அந்த இடத்துல வைப்ரேஷனே சரியில்லை' என்று இன்று ரீல்ஸ் முழுக்கப் பேசுகிறார்கள். கொங்கு நாட்டுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஈரோட்டிலும் கோவையிலும் பொள்ளாச்சியிலும் எத்தனையோ வீடுகளில் போனை எடுத்தவுடன் 'ஹலோ' சொல்வதில்லை. 'வாழ்க வளமுடன்' என்கிறார்கள். அந்த வாழ்த்தை ஊரெங்கும் பரப்பியவர் வேதாத்திரி மகரிஷி. 1911இல் கூடுவாஞ்சேரியில் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்கார்ந்து, பிறகு கைத்தறித் தொழில் நடத்தியவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை நிறுவினார். 2006இல் கோவையில் காலமானார். நம் பக்கம் ஊருக்கு ஊர் மனவளக்கலை மன்றம் இருப்பது அவரால்தான்.

மனிதரிடமிருந்து சீவகாந்த அலை பரவுகிறது, எண்ணம் அதன் வழியே அடுத்தவரைத் தொடுகிறது என்று அவர் சொன்னார். பெரியார் பிறந்த ஈரோட்டில் நின்று இதைச் சொல்லும்போது, 'அதை எந்தக் கருவியால் அளந்தார்கள்?' என்று உங்களில் ஒருவராவது கேட்க வேண்டும். கேட்டால் சந்தோஷப்படுவேன். இயற்பியல் பாடத்தில் வருகிற காந்தம் அது இல்லை. அந்தக் கொள்கையை நம்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அதோடு சேர்த்து அவர் கற்றுக்கொடுத்த பயிற்சிகளைப் பாருங்கள். அவற்றைச் செய்து பார்க்க நம்பிக்கை தேவையில்லை. ஒரு பேனாவும் காகிதமும் போதும்.

அகத்தாய்வுப் பயிற்சியில் சினம் தவிர்த்தல் என்று ஒரு பாடம் உண்டு. யார் யார் மேல் உங்களுக்குக் கோபம் வருகிறது என்று பட்டியல் எழுதச் சொல்வார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்கு முதலில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். பட்டியலின் மேல்வரிசையில் எதிரி யாரும் இருக்க மாட்டார். அம்மா இருப்பார், மனைவி இருப்பார், தம்பி இருப்பான். எதற்காகக் கோபம், அதில் என் பங்கு என்ன என்று ஒவ்வொரு பெயராக ஆராய வேண்டும். பிறகு அவர் எதிரில் வரும்போது எப்படி நடந்துகொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அவரை மனதார வாழ்த்த வேண்டும்.

கவலை ஒழித்தல் என்ற பாடம் இன்னும் நடைமுறையானது. கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார் வேதாத்திரி: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. அரியர் பேப்பர் எந்த வகை, அத்தையின் பேச்சு எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற சமாச்சாரம் பாதிக்கு மேல் மூன்றாவது வகையில் போய் விழும்.

என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும் என்ற கருத்துக்கு ஜெர்மனியில் வேறொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். எல்லோருக்கும் எழுதும் எண்ணம் இருந்தது. ஒரு பிரிவினரிடம் மட்டும் எங்கே உட்கார்ந்து, எப்போது எழுதுவீர்கள் என்பதைக் குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்துத் தந்தவர்களில் சொன்னபடி முடித்தவர்களின் விகிதம் மற்ற பிரிவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 'அப்பாவை நல்லாப் பாத்துக்கணும்' என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற எண்ணம்தான். 'ஞாயித்துக்கிழமை காலைல அப்பாவைக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்' என்று சொன்னால்தான் அந்த எண்ணத்துக்குக் கை கால் முளைக்கிறது.

ஒருவரின் எண்ணம் அடுத்தவரை எப்படித் தொடுகிறது என்பதற்கு நம் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் பவானி. அகலமான ஜமக்காளத்தைக் குழித்தறியில் நெய்யும்போது ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாய்ப்பு கிடைத்தால் போய்ப் பாருங்கள். ஊடை நூலோடு ஒருவர் வீசுகிற நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி வீச வேண்டும். பாவு நூலைப் பிரிக்க இருவர் காலும் ஒரே நேரத்தில் மிதிக்க வேண்டும். ஊடையை நெருக்கி அடிக்கும்போது ஒருவர் இழுப்பு பலமாகவும் அடுத்தவர் இழுப்பு தளர்வாகவும் இருந்தால் துணி கோணிக்கொள்ளும். அதிகம் பேச்சில்லை. ஆனால் ஒருவருக்கு உடம்பு சரியில்லையா, வீட்டில் சண்டையா என்பது அடுத்தவருக்கு நாடா வந்து சேருகிற வேகத்திலேயே தெரிந்துவிடும். ஒரு மனிதரின் தெம்பும் எண்ணமும் இன்னொருவரைத் தொடுகின்றன என்றால் அது இப்படித்தான். அதில் மாயம் எதுவும் இல்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் உங்களில் பலர் பெங்களூரு, சென்னை, கோவை என்று கிளம்பிவிடுவீர்கள். மேனேஜர் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்து, 'சொல்லுங்க சார்' என்பீர்கள். அம்மா கூப்பிட்டு, "கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்டால், "ம்... அப்பறம் கூப்பிடறேம்மா" என்பீர்கள். இதை நீங்கள் மட்டும் செய்யவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களும் செய்தவர்கள்தான். கடையில் வாடிக்கையாளரிடம் அத்தனை 'ங்க' போட்டுப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே முகத்தையும் கழற்றி மாட்டிவிடுவார்கள். நாளின் புதுத் தெம்பு ஊராருக்கு, மிச்சம் மீதி வீட்டுக்கு. பல வீடுகளில் உறவு கசந்துபோவது வெறுப்பினால் இல்லை, இந்தப் பங்கீட்டினால்தான்.

ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளர் 2006இல் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. காதலர்களில் ஒருவர் துன்பத்துக்கு மற்றவர் எப்படித் துணை நிற்கிறார் என்பதைக் காட்டிலும், ஒருவர் நல்ல செய்தி சொல்லும்போது மற்றவர் அதை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் அந்த உறவின் நலத்தோடு அதிகம் பொருந்திப்போனது. நம் ஊரில் சாவுக்கும் நோவுக்கும் ஆள் சேர்ந்துவிடுவார்கள்; அதில் நாம் குறை வைப்பதில்லை. தங்கை ஓடி வந்து, "அண்ணா, எனக்குப் பரிசு கிடைச்சிருச்சு" என்றால், போனிலிருந்து தலையைத் தூக்காமல் 'சரி சரி' என்போம். குறை வைப்பது அங்கேதான். வேதாத்திரி தம் மனைவி லோகாம்பாளின் பிறந்தநாளான ஆகஸ்டு 30ஐ மனைவி நல வேட்பு நாளாக்கினார். அன்றைக்குத் தம்பதிகள் எதிரெதிரே உட்கார்ந்து பூவும் பழமும் பரிமாறி வாழ்த்திக்கொள்வார்கள். பல வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், நின்று முகம் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு அந்த ஏற்பாடு தேவையாகத்தான் இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முக்கியமாக மாணவிகளுக்குச் சொல்கிறேன். நல்ல எண்ணத்தோடு இரு, பாசிட்டிவாக இரு என்பதை 'எதையும் பொறுத்துக்கொண்டு போ' என்று திரித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அடிக்கிற கணவனையும், வரதட்சணை கேட்கிற மாமியாரையும், சாதி பார்த்து நட்பை வெட்டச் சொல்கிற உறவினரையும் மனதார வாழ்த்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இதே ஈரோட்டில் 1921இல் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் தம் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார், கைதானார். அவர் சிறை சென்ற பின் மறியலைக் கையில் எடுத்தவர்கள் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். மறியலை நிறுத்துவது ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்ற பொருளில் காந்தியடிகள் சொன்னதாக வரலாறு பேசுகிறது. வீட்டுப் படியைத் தாண்டியே பழக்கமில்லாத காலத்துப் பெண்கள் அவர்கள். உறுதியாக எதிர்த்து நிற்பதும் நல்லெண்ணத்தின் வேலைதான்.

கடைசியாக, நோக்கம் சுத்தமாக இருப்பது ஒன்று, அது சுத்தமானது என்று ஊர் நம்புவது வேறொன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி, நொய்யல் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார் காளிங்கராயன். தன் நிலத்துக்காகத்தான் வெட்டுகிறான் என்று ஊரில் பேச்சு எழுந்ததாம். அவர் வழக்குப் பேசவில்லை. நானும் என் வம்சமும் இந்த வாய்க்கால் தண்ணீரைத் தொட மாட்டோம் என்று சத்தியம் செய்து, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பது செவிவழிச் செய்தி. கதையில் எவ்வளவு கூடியதோ குறைந்ததோ, வாய்க்கால் 700 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் ஓடுகிறது. மஞ்சளும் நெல்லும் வாழையும் விளைகின்றன. அதில் சாயக் கழிவையும் தோல் கழிவையும் கலந்துவிட்டது நம் காலம். யாரும் ஊரைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. அடுத்தவரை நினைக்காமல் செய்தார்கள். கெடுதலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நீங்கள் நாளை பட்டறை வைப்பீர்கள், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவீர்கள், பாடம் நடத்துவீர்கள். எதைச் செய்தாலும் அதன் கீழ்மடையில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டதாரிகளே, உங்களிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. இன்றைக்குப் போட்டோ எடுத்து முடித்து, நண்பர்களோடு ஹோட்டலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், உங்களைப் படிக்க வைத்தவர்கள் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். உங்கள் படிப்புச் செலவுக்கு அவர்கள் எதை அடமானம் வைத்தார்கள், எந்த ஆசையைத் தள்ளிப்போட்டார்கள் என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேட்டுவிட்டு, அடுத்து எந்தத் தேதியில் ஊருக்கு வருவீர்கள் என்பதை அவர்களிடமே சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன தேதியில் வாருங்கள்.