இரண்டு வாரமும் இரண்டு பணமும்



விடுமுறை வந்தால் நாம் சொந்த ஊருக்கோ மலைப்பிரதேசத்துக்கோ போகிறோம். சிலரோ அந்த நாட்களையே கர்த்தருக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். 1978-ல் ஆரம்பமான மெர்சி ஷிப்ஸ் என்னும் கிறிஸ்தவ ஊழியத்தின் மருத்துவமனைக் கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நிற்கின்றன. அவற்றில் ஒன்றான 'ஆப்பிரிக்கா மெர்சி', முன்பு டென்மார்க்கில் ரயில்களை ஏற்றிச்சென்ற கப்பல். 2007-ல் ஆஸ்பத்திரியாகப் பணி தொடங்கியது. பல நாட்டு மருத்துவர்களும் நர்ஸ்மாரும் சமையற்காரரும் சம்பளமின்றி வந்து, உதட்டுப்பிளவு, கண்புரை, முகத்தில் கட்டி உள்ளவர்களுக்கு ஊழியம் செய்கிறார்கள். பலர் வழிச்செலவையும் தாங்களே ஏற்கிறார்கள். சில அறுவை மருத்துவர்கள் தங்குவது இரண்டே வாரம்.

"இரண்டு வாரத்தில் என்ன ஆகும்?" என்று நாங்களும் கேட்டதுண்டு. காயம் ஆறுமுன் விமானம் ஏறிவிடுகிறார்களே என்று மனத்தாங்கலும் கொண்டோம்.

நல்ல சமாரியனின் உவமையை மறுபடி வாசித்தபோது வெட்கப்பட்டோம். அவனும் வழிப்போக்கனே! ஓர் இரவு தங்கி, மறுநாள் புறப்பட்டான். ஆனால் போகுமுன் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்தான். திரும்பி வருவதாகவும் சொன்னான். அதன்பின் காயப்பட்டவனைப் பார்த்துக்கொண்டவன் சத்திரக்காரன்.

வந்து போகிறவரும் வேண்டும். இருந்து பார்க்கிறவரும் வேண்டும். எங்கள் வார்டுகளில் இரவெல்லாம் கண்விழிக்கும் நர்ஸ்மாரே அந்தச் சத்திரக்காரர். உங்கள் காணிக்கையே அந்த இரண்டு பணம். ஆகவே, பயணப்பட முடியாதவர்களே, சோர்ந்துபோகாதிருங்கள். பயணப்படுகிறவர்களே, அங்கேயே இருந்து உழைக்கிறவர்களின் கைகளைத் திடப்படுத்திவிட்டு வாருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.