பர்கர் கடையில் ஒரு பந்தயச் சனிக்கிழமை

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை "தொழிற்சாலையில் தர மேம்பாடு" பற்றிப் பேசச் சொன்னார். காலை பதினொன்றரை மணிக்கு, பசி நேரத்தில், அந்தத் தலைப்பு தாங்காது. அதனால் அவரிடம் சொல்லிவிட்டு ஒரு பர்கர் கடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தர மேம்பாடும் அதற்குள்ளேயே இருக்கிறது.

2012-ல் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனேன். மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். வங்கிக் கடன் எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், என் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எஃப்-1 விசாவில் போகிறவர்கள் படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். எனக்குக் கிடைத்தது மாணவர் மன்றக் கட்டடத்தில் இருந்த பர்கர் கடை. கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-லிருந்து அந்த நாட்டு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி அதுதான். வீட்டில் "கேன்டீன்ல பார்ட் டைம்" என்று சொன்னேன். பாட்டி மட்டும் போனை வாங்கி, "மாட்டுக்கறியைத் தொடுவியாடா?" என்று கேட்டார். "கையுறை போட்டிருக்கேன் பாட்டி" என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

அந்த ஊரில் அவர்களுடைய கால்பந்துப் பந்தயம் நடக்கிற வாரக்கடைசி என்றால் நம்மூர்த் தேர்த்திருவிழா மாதிரி. மைதானத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பழைய மாணவர்கள் குடும்பத்தோடு வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து இறங்கிவிடுவார்கள். சனிக்கிழமை மதியம் பந்தயம் என்றால் காலை பத்தரைக்கே கடை வாசலில் வரிசை ஆரம்பித்துவிடும்.

எங்கள் சமையலறை நம் விடுதி அறையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதில் ஒன்பது பேர். ஒருவர் முதுகுக்குப் பின்னால் போனால் "பிஹைண்ட்!" என்று கத்த வேண்டும். சூடான தட்டைத் தூக்கினால் "ஹாட்!", மூலை திரும்பினால் "கார்னர்!". முதல் நாள் கூச்சமாக இருந்தது. வெள்ளிக்கிழமை இரவுக்குள் நானும் தொண்டை கட்டக் கத்தினேன். நூற்று எழுபது டிகிரிக்கு மேல் கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் கூச்சப்பட்டால் யாருக்காவது கை வெந்துவிடும்.

எங்கள் ஷிப்ட் லீடர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை, மனசுக்குள் அக்கா என்றே வைத்துக்கொண்டேன். கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. இருபது வருஷமாக அந்த அடுப்படிதான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நிலவரம் இது. நாலு கல்லாவும் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் நிமிஷத்துக்கு இரண்டு ஆர்டர், மொத்தம் எட்டு. கிரில்லில் ஒரே சமயத்தில் 24 இறைச்சி வில்லைகள் வைக்கலாம். வேகவைத்து, எடுத்து, சுரண்டி, அடுத்ததை அடுக்க நாலு நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு ஆறு. ஆர்டருக்கு ஒரு பர்கர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நிமிஷத்துக்கு இரண்டு பாக்கி விழுகிறது. அரை மணியில் அறுபது சீட்டுகள் கம்பியில் தொங்கின. காசு கொடுத்த அறுபது பேர் கவுன்டரில் சாய்ந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எது யாருடையது என்று தெரியாமல் பைகள் மாறின, உருளைக்கிழங்கு ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

நானாக இருந்தால் ஐந்தாவது கல்லா திறக்க முடியுமா என்று பார்த்திருப்பேன். அந்த அக்கா ஒரு கல்லாவை மூடினார். வரிசையில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கல்லாப் பையனைப் பின்னால் இழுத்து பன் வாட்டவும் பொட்டலம் கட்டவும் நிறுத்தினார். மெனு பலகையில் பாதியை ஒரு அட்டையால் மறைத்தார். மூன்று சாமான் மட்டும்தான், மில்க் ஷேக் கிடையாது.

பதினைந்து நிமிஷத்தில் அடுப்படி அமைதியானது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், வாசலிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒருவர் காத்திருக்கும் மொத்த நேரம் பெரிதாகக் குறைந்திருக்காது. ஆனால் கூட்டம் காசு கொடுக்குமுன் வெளியே நின்றது. நீள வரிசையைப் பார்த்தவர்களில் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். உள்ளே வந்த சீட்டு குழப்பமில்லாமல் சூடாக வெளியே போனது.

இதையே ஜான் லிட்டில் 1961-ல் கணிதமாக நிரூபித்தார். உள்ளே நிற்கும் எண்ணிக்கை என்பது வருகை வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியது. அறுபது சீட்டு, நிமிஷத்துக்கு ஆறு, ஆகப் பத்து நிமிஷம். ஆறாம் செமஸ்டரில் இதை எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். இன்னொன்றும் அந்தப் பாடத்தில் உண்டு. ஒரே கவுன்டர் உள்ள எளிய மாதிரியில், திறனில் 80 சதவீதம் வேலை இருந்தால் சராசரியாக 4 பேர் நிற்பார்கள். 90 ஆனால் 9 பேர், 95 ஆனால் 19 பேர். கடைசி ஐந்து சதவீதம்தான் ஆளைக் கொல்கிறது. மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-ல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையையே சில மாதம் மூடி, மெனுவை ஒன்பது சாமானாகச் சுருக்கித் திறந்தது இந்தக் காரணத்தால்தான். அக்கா செய்ததும் அதேதான், அட்டையும் ஒட்டும் டேப்பும் வைத்து.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பன்னிரண்டு மணி நெருங்குகையில் கிரில்லில் நின்ற புதுப் பையன் வேகம் காட்ட நினைத்து, வில்லைகளை அரை நிமிஷம் முன்னதாகவே எடுத்துத் தட்டில் போட்டான். மேலே நல்ல பழுப்பு நிறம், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அக்கா வெப்பமானி ஊசியைக் குத்தினார். 140 டிகிரி ஃபாரன்ஹீட். 155 வர வேண்டும். இருபத்து நாலையும் அப்படியே குப்பைத் தொட்டியில் தள்ளினார். நாலு நிமிஷ வேலை போயிற்று, வாசலில் சத்தம் இன்னும் ஏறியது. பையன் முகம் சுண்டிப்போனது. அவர் திட்டவில்லை. "காத்திருந்தா யாரும் சாக மாட்டாங்க. இதைச் சாப்பிட்டா சாகலாம்" என்று மட்டும் சொன்னார்.

மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்றிரவு அறைக்குப் போய்ப் படித்தேன். 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கர் இறைச்சியிலிருந்த ஈ.கோலை கிருமியால் 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், நாலு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் குறைந்தபட்ச வெப்பத்தை 140-லிருந்து 155-க்கு உயர்த்தியது.

இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பிரேக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் இருக்கிறேன். மாதக் கடைசியில் லாரி வாசலில் நிற்கும், போன் மேல் போன் வரும். "இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் வெப்பச் சிகிச்சையில பத்து நிமிஷம் குறைச்சுக்கலாமா சார்?" என்று யாராவது கேட்பார்கள். பாகமும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அந்த ஊசிதான் கண்ணில் தெரியும். இரண்டு முறை லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வருஷம் ஊக்கத்தொகை அதனால் போனது.

உருளைக்கிழங்குக் கதை தனி. கூட்டம் அதிகம் என்று கூடையில் நிரம்பத் திணித்தால் எண்ணெய்ச் சூடு இறங்கி, ஆக நேரமும் கூடும், எண்ணெயும் குடிக்கும். வடை சுடுகிற நம் அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெப்பப் பரிமாற்றப் பேராசிரியர் மன்னிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை வெறிச்சோடிக் கிடந்தது. எண்ணெயை வடிகட்டினோம், கிரில்லைச் சுரண்டினோம், எனக்கு 20 மணி நேரம் முடிந்துவிட்டதால் மதியமே அனுப்பிவிட்டார்கள்.

வெளிநாடு போகப்போகிற தம்பி தங்கைகளுக்குச் சில தகவல்கள். வளாக உணவகப் பிரிவுக்கு வகுப்பு தொடங்குமுன்பே விண்ணப்பம் போடுங்கள். வேலை உறுதியானால்தான் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்கும். வெளியே கடைகளில் ரொக்கக் கூலிக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், விசாவே போய்விடும். வழுக்காத ஷூ வாங்குங்கள், அதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். மற்றதை மதியச் சாப்பாட்டு வரிசையில் கேளுங்கள். பந்தி போட்டாச்சு என்று செயலாளர் பின்னாலிருந்து கை காட்டுகிறார்.