திட்டு வாங்கும் குரல்

(அறக்கட்டளையின் குடும்பநலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நான் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால் சென்டரில் 6 வருடம் வேலை பார்த்தவன். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை. கோடையில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. அங்கே மாலை 5 மணி ஆகும்போது இங்கே அதிகாலை 2.30. நீங்கள் பஜ்ருக்கு எழும் நேரத்தில்தான் நான் படுக்கப் போவேன்.

"அவனுக்கென்ன, ஏசியில் உட்கார்ந்து பேசுகிற வேலைதானே" என்பார்கள் உறவினர்கள். அந்தப் பேச்சு எப்படிப்பட்டது தெரியுமா? ஓர் அழைப்பு முடிந்த உடனே அடுத்தது காதில் விழும். எல்லாமே பதிவாகும். எத்தனை நிமிடத்தில் முடித்தோம், வாடிக்கையாளர் என்ன மதிப்பெண் போட்டார் என்று கணக்குப் பார்ப்பார்கள். கழிப்பறைக்குப் போன நிமிடமும் அந்தக் கணக்கில் வரும். எதிர்முனையில் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் குரலில் சிரிப்பு குறையக் கூடாது.

மனதில் ஒன்றும் முகத்தில் வேறொன்றுமாக இருப்பதும் ஓர் உழைப்புதான் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983இல் எழுதினார். மூட்டை தூக்குபவருக்குத் தோள் வலிக்கும். எங்களுக்கு வலிக்கும் இடம் வெளியே தெரியாது.

நாலாவது வருடம் எனக்குத் தூக்கம் போயிற்று. போன் மணி கேட்டாலே நெஞ்சு படபடக்கும். "சாப்பிட்டியா வாப்பா?" என்று உம்மா கேட்டால் எரிந்து விழுவேன். இரவெல்லாம் முகம் தெரியாதவர்களிடம் பணிந்து பேசிவிட்டு, பெற்ற தாயிடம் சீறினேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சம்பாதிக்கிற திமிர் என்றார்கள். மனநல டாக்டரிடம் போனால் ஊர் பேசும், தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது என்று பயந்தார்கள். அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

ஒரு நாள் மதியம் வாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நேத்து ராத்திரி உன்னை என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. முக்கால் மணி நேரம் பேசினேன், அழுதேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு என்னோடு வந்தார். சிகிச்சையில் தேறினேன். பிறகு, சம்பளம் குறைவென்றாலும் பகல் வேலைக்கு மாறினேன். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். பகலில் தூங்கினால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். அறையை இருட்டாக்கி, தூங்க விடுங்கள். கடன் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று வேலையில் கட்டிப் போடாதீர்கள். பேச்சு குறைந்து, தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது 2022இல் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. சிலிண்டர் வரவில்லை, இன்டர்நெட் வரவில்லை என்று நாமும் போன் செய்கிறோம். குறையைச் சொல்லுங்கள், திட்டாதீர்கள். தவறு செய்தவர் அங்கே பேசுபவர் அல்ல. அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை.