சர்தார் எழுதிய கடுதாசி

(வட்டார ஊழியர் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



மழையில் அழிந்த பயிருக்கு நிவாரணம் கேட்டு நாம் கொடுத்த மனுவுக்கு ஒரு தாள் வந்திருக்கிறது. ‘தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது.’ அவ்வளவுதான். இனி மனு எழுதி என்னத்த ஆகப்போகுது என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். இதே பதில் 1928-லேயே ஒருவருக்கு வந்தது. அவர் வல்லபாய் பட்டேல்.

குஜராத்தில் சூரத் மாவட்டம், பர்தோலி தாலுகா. பம்பாய் அரசாங்கம் அங்கே கிஸ்தியை 100-க்கு 22 ஏற்றியது. அதிகாரி எழுதிக் கொடுத்தது 30. அரசாங்கம் தயவு பண்ணி 22 ஆக்கியதாம்! விவசாயிகள் பட்டேலை அழைத்தார்கள். அவர் எடுத்த எடுப்பில் வரிகொடாமை என்று கிளம்பவில்லை. பிப்ரவரி 6-ல் கவர்னருக்குக் கடிதம் எழுதினார். பாரபட்சமில்லாத விசாரணை வையுங்கள், அதுவரை ஏற்றிய வரியை வசூலிக்காதீர்கள் என்று கேட்டார். கவர்னரின் காரியதரிசியிடமிருந்து பதில் வந்தது: கடிதம் ரெவின்யூ இலாகாவுக்கு அனுப்பியாச்சு!

12-ந் தேதி விவசாயிகள் கூடினார்கள். கிஸ்தி கட்டுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

அத்தோடு கடிதம் எழுதுவதை நிறுத்தினாரா? இல்லை. நீங்களெல்லாம் வெளியாட்கள் என்று ரெவின்யூ இலாகா எழுதியது. நம்மையும் இப்படித்தானே சொல்கிறார்கள், தூண்டிவிடுகிறவன் என்று. பட்டேலின் பதிலைக் கேளுங்கள். என்னை இந்த ஜனங்கள் அழைத்தார்கள், வேண்டாமென்றால் எந்த நிமிஷமும் அனுப்பிவிடலாம். வெளியாட்கள் நிறைந்த உங்கள் அரசாங்கத்தை அப்படி அனுப்ப முடியவில்லையே என்ற கருத்தில் எழுதினார். கோபம் இருந்தது, மரியாதை கெடவில்லை. அந்தக் கடிதங்கள் பத்திரிகையிலும் வெளியாயின. பூட்டிய பீரோவுக்குள் கிடக்க வேண்டிய தபாலை ஊரே படித்தது.

ஊரில் நடந்தது சாதாரண விஷயமில்லை. நிலத்தைப் பறிமுதல் செய்தார்கள். ஜப்திக்குப் பயந்து ஜனங்கள் எருமைகளோடு வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தார்கள். வெயில் படாமல் எருமைத் தோலே வெளுத்துப் போனது என்பார்கள்.

சொந்தக் கடிதமும் ஒன்று உண்டு. பட்டேலின் அண்ணன் விட்டல்பாய் அப்போது டில்லி மத்திய சட்டசபையின் தலைவர். அந்தப் பதவியில் இருந்துகொண்டே காந்தியடிகளுக்கு எழுதி, பர்தோலிக்காக மாதம் 1,000 ரூபாய் தருவதாகச் சொல்லிப் பணமும் அனுப்பினார். நம்ம ஊரில் பதவி கிடைத்தவுடன் போனையே எடுக்காதவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் அரசாங்கம் இறங்கியது. ஆனால் கௌரவம் இடித்தது. நிபந்தனைகள் நிறைவேறும் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சூரத் சட்டசபை உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பட்டேல் அந்த வாசகத்துக்காகச் சண்டை பிடிக்கவில்லை. விசாரணை வேண்டும், பறித்த நிலம் திரும்ப வேண்டும், வேலையை விட்ட கிராம அதிகாரிகள் மறுபடி வேலைக்கு வர வேண்டும். இதில்தான் கண்ணாக இருந்தார். மூன்றும் கிடைத்தது.

விசாரித்தவர்கள் புரூம்பீல்டு, மேக்ஸ்வெல் என்ற இரண்டு அதிகாரிகள். இந்த புரூம்பீல்டு 1922-ல் காந்தியடிகளுக்கு 6 வருஷம் சிறைத்தண்டனை கொடுத்த நீதிபதி. அவரே ஊர் ஊராகப் போய்க் கணக்குப் பார்த்து, 22 நியாயமில்லை, 6 அளவுதான் நியாயம் என்று எழுதினார்.

ஆகவே நம்ம கைக்கு வந்த தாளைக் கிழித்துப் போட வேண்டாம். தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் இரண்டாவது மனு கொடுக்கிறோம். கையெழுத்து மட்டும் போதாது. சர்வே எண், எத்தனை ஏக்கர், என்ன பயிர், எந்தத் தேதியில் தண்ணீர் ஏறியது, விதை, உரம், உழவுக்கூலி எவ்வளவு என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிளைச் செயலாளர் எழுதித் தருவார். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் அலுவலக முத்திரை வாங்குகிறோம். பதில் எதுவானாலும் ஊர்ச் சாவடியில் ஒட்டுகிறோம்.